மூன்றாவது எண்ணிக்கை

லியோனார்டு ஆய்லர் 1748-இல் லத்தீனில் வெளியிட்ட பகுப்பாய்வு நூலில் மடக்கைகளுக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. மடக்கை எதற்கு உதவும் என்று காட்ட அவர் போட்ட கணக்குகளில் ஒன்று, நோவா காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றியது. வெள்ளம் வடிந்த பிறகு மனிதகுலம் முழுவதும் ஆறு பேரிலிருந்து பெருகியது என்று வைத்துக்கொள்வோம். இருநூறு ஆண்டில் அது பத்து லட்சம் ஆனதென்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு எத்தனை பங்கு கூடியிருக்க வேண்டும்? விடை, பதினாறில் ஒரு பங்கு. நூறு பேர் இருந்த ஊரில் மறு ஆண்டு நூற்று ஆறு பேர், அவ்வளவுதான். இத்தனை குறுகிய காலத்தில் உலகில் ஆள் பெருகியிருக்க முடியுமா என்று கேட்பவர்களின் வாதம் எடுபடாது என்பது ஆய்லரின் கட்சி. இருந்தாலும் கணக்குக்கு அவர் துரோகம் செய்யவில்லை. இதே வேகம் இன்னும் இருநூறு ஆண்டு நீடித்தால் 16,666 கோடிப் பேர் ஆகிவிடுவார்கள், அத்தனை பேரைப் பூமி தாங்காது என்றும் எழுதி வைத்தார்.

ஆய்லர் கையில் இருந்தவை இரண்டே எண்கள். இரண்டையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனாலும் விடை சுத்தமாக வந்து விழுந்தது. இந்த அத்தியாயம் முழுவதும் நம்மோடு வரப்போகிற சங்கடம் அதுதான். எந்த இரண்டு எண்ணிக்கையைக் கொடுத்தாலும் வளர்ச்சி மாறிலி கிடைத்துவிடும். 'இந்தக் கூட்டம் அப்படி வளரவே இல்லையே' என்று சூத்திரம் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.

முதலில் மாறிலி என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு தீவில் மான்கள் இருக்கின்றன. பத்து மான் இருந்தால் சில குட்டிகள் பிறக்கும். நூறு இருந்தால் அதைப்போல் பத்து மடங்கு பிறக்கும். சாவும் அப்படியே. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து, மிச்சத்தை இருக்கும் தலைகளுக்குப் பங்கிட்டால், ஒரு தலைக்கு ஓராண்டில் இவ்வளவு என்று ஓர் எண் வரும். கூட்டம் சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் அந்த எண் மாறாமல் இருக்குமானால், அதுவே வளர்ச்சி மாறிலி. வட்டி குட்டி போடும் என்று கடன்பட்டவர்கள் சொல்வது இதைத்தான். குட்டியும் குட்டி போடும். அப்படிப் பெருகுவதை அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறோம். மாறிலி எதிர்மறையாக இருந்தால் அதே சூத்திரம் தேய்வைச் சொல்லும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பிந்தைய எண்ணிக்கையை முந்தையதால் வகுக்க வேண்டும். வரும் விகிதத்துக்கு இயல் மடக்கை, அதாவது 2.718-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை, காண வேண்டும். அதை இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தால் தீர்ந்தது. மடக்கை ஏன் வருகிறது? பெருக்கலைக் கூட்டலாக மாற்ற. ஆண்டுதோறும் ஒரே மடங்காகப் பெருகும் கூட்டத்தின் மடக்கை, ஆண்டுதோறும் ஒரே அளவு கூடும். வரைபடத்தில் போட்டால் நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வே மாறிலி. பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு படித்தவர்கள் இந்தக் கணக்கை மறந்திருக்க மாட்டார்கள்: இரண்டு ஆண்டுகளின் மக்கள்தொகையைத் தருவார்கள், மூன்றாவது ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். தேர்வுத் தாளில் மூன்றாவது எண்ணிக்கைதான் விடை. காட்டில், கடலில், ஊரில் அது சாட்சி.

அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு. மரமில்லாத, ஆளில்லாத, குளிர்ந்த நிலம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே ஒரு வானொலி வழிகாட்டு நிலையம் வைத்திருந்தது. பனிக்காலத்தில் கப்பல் வர முடியாமல் போனால் வீரர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று 1944-இல் 29 துருவமான்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 24 பெண், 5 ஆண். போர் முடிந்தது, வீரர்கள் போய்விட்டார்கள், மான்கள் மிஞ்சின. வேட்டையாட ஓநாய் இல்லை. தின்பதற்கு லைக்கன் என்னும் கற்பாசி தடித்த மெத்தையாய்ப் படர்ந்து கிடந்தது.

1957-இல் டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் அங்கே போய் எண்ணியபோது 1,350 மான்கள் இருந்தன. கணக்குப் போடுவோம். 1,350-ஐ 29-ஆல் வகுத்தால் 46.55. அதன் இயல் மடக்கை 3.84. பதின்மூன்று ஆண்டுகளால் வகுத்தால் 0.295. இதுதான் மாறிலி. இதை ஆண்டுக்கு 29.5 சதவீதம் என்று படித்துவிடக் கூடாது. பிறந்தது உடனே பெருக்கத்தில் சேர்ந்துகொள்வதாகக் கொண்டு போட்ட கணக்கு இது. ஓராண்டு முடிவில் கூட்டம் 1.34 மடங்காகியிருக்கும். அதாவது 34 சதவீத வளர்ச்சி. (துருவமான் இளவேனிலில் மட்டுமே குட்டி போடும் என்பதால் 'உடனே' என்பது இங்கே ஒரு கற்பனைதான்.) இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்று அறிய 0.693-ஐ மாறிலியால் வகுக்க வேண்டும், 0.693 என்பது இரண்டின் இயல் மடக்கை. கிடைப்பது 2.35 ஆண்டு.

இரண்டு எண்ணிக்கைகளோடு நின்றிருந்தால், 1963-இல் எத்தனை மான் இருக்கும் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்: ஏறக்குறைய 7,950. கிளைன் 1963-இல் மறுபடியும் போனார். இருந்தவை 6,000. இரண்டாயிரம் குறைகிறது. 1957-க்கும் 1963-க்கும் நடுவில் மட்டும் மாறிலியைக் கண்டால் 0.249 வருகிறது. முதல் கட்டத்தின் 0.295 இறங்கிவிட்டது.

6,000 மான்களை நேரில் பார்ப்பவனுக்குக் கூட்டம் பெருகிக்கொண்டிருப்பதுதான் தெரியும். மாறிலியைப் பார்ப்பவனுக்கு ஏதோ ஒன்று பிடித்து இழுப்பது தெரியும். அந்த இழுப்பு மான்களின் உடம்பிலும் இருந்தது. ஆறு ஆண்டில் வளர்ந்த பெண் மான்களின் எடை 38 சதவீதமும் ஆண்களின் எடை 43 சதவீதமும் குறைந்திருந்தன. பனிக்காலத்தில் உயிரைக் காப்பாற்றும் லைக்கனை மேய்ந்து தீர்த்துவிட்டிருந்தன. மெதுவாக வளரும் லைக்கன் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

கிளைன் அடுத்து 1966-இல் போனபோது தீவெங்கும் எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அவற்றுள் 41 பெண், ஒரே ஓர் ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டி ஒன்றுகூட இல்லை. சில பத்தாண்டுகளுக்குள் அந்தத் தீவில் துருவமானே இல்லாமல் போயிற்று.

இப்போது 6,000-ஐயும் 42-ஐயும் சூத்திரத்தில் போடுங்கள். மூன்று ஆண்டு இடைவெளி; மாறிலி எதிர்மறை 1.65. அரை ஆயுட்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். எண்ணில் பிழையில்லை, ஆனால் அதற்குப் பொருளும் இல்லை. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் பாதியானது என்பது நடக்காத கதை. எலும்புகளை ஆராய்ந்து கிளைன் சொன்னது, 1963-64 பனிக்காலத்தில், கடும்பனி விழுந்த ஒரே பருவத்தில், கிட்டத்தட்ட எல்லாம் பட்டினியால் மடிந்தன என்பதே. தேய்வுச் சூத்திரம் ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு ஆபத்து என்று கொள்கிறது. பஞ்சம் அப்படி வருவதில்லை. இரண்டு முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு வளைகோடு வரைந்தால், ஒரு பேரழிவு படிப்படியான சரிவைப்போல் மாறிவிடுகிறது.

இதே மழுப்பலை நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பார்க்கலாம். இன்றைய எல்லைக்குள் அடங்கும் இந்தியாவில் 1911-இல் 25.21 கோடிப் பேர். 1921-இல் 25.13 கோடி. மாறிலி பூச்சியத்துக்கு ஒரு மயிரிழை கீழே. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை அசையாமல் நின்றது என்று ஒரு மாணவன் எழுதினால் மதிப்பெண் போட்டுவிடுவோம். ஆனால் 1918-இல் இன்புளுவென்சா ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைச் சில மாதங்களில் கொண்டுபோயிருந்தது. பத்தால் வகுத்ததும் அந்தச் சாவெல்லாம் கரைந்துவிட்டது.

வகுக்கும் எண்ணிலேயே ஒரு சூட்சுமமும் இருக்கிறது. கணக்கெடுப்புத் துறை 'சராசரி ஆண்டு அடுக்குக்குறி வளர்ச்சி வீதம்' என்று வெளியிடுவது நம் மாறிலியையேதான், நூறால் பெருக்கி. நாமே போட்டுப் பார்ப்போம். 1961-இல் 43.92 கோடி, 1971-இல் 54.82 கோடி, 1981-இல் 68.33 கோடி. பத்துப் பத்து ஆண்டு என்று வகுத்தால், அறுபதுகளுக்கு 2.22, எழுபதுகளுக்கு 2.20. ஆக, உச்சம் அறுபதுகளில். எழுபதுகளில் வேகம் தணியத் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் பலன் தந்தது என்று ஒரு பத்தி எழுதவும் கை துறுதுறுக்கும்.

பொறுங்கள். கணக்கெடுப்பு வழக்கமாக மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொள்ளும். 1971 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் நடந்ததால் அந்த ஆண்டு மட்டும் தேதி ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போயிற்று. ஆகவே முதல் இடைவெளி பத்து ஆண்டு ஒரு மாதம். இரண்டாவது, ஒரு மாதம் குறையப் பத்து ஆண்டு. சரியான காலத்தால் வகுத்தால் அறுபதுகளுக்கு 2.20, எழுபதுகளுக்கு 2.22. இரண்டும் இடம் மாறிக்கொண்டன! இந்திய மக்கள்தொகை மிக வேகமாக வளர்ந்த பத்தாண்டு எது என்ற கேள்விக்கு விடையை ஒரு மாதம் புரட்டிப்போட்டுவிடுகிறது. உண்மையில் இந்த வித்தியாசத்தை வைத்து இரு பத்தாண்டுகளில் எது முந்தியது என்று அடித்துச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. எண்ணுவதில் விடுபட்டவர்களின் கணக்கே இதை விழுங்கிவிடும். அடுத்தடுத்த எண்ணிக்கைகள் சொல்வதுதான் ஐயத்துக்கு இடமில்லாதது: எண்பதுகளில் 2.14, தொண்ணூறுகளில் 1.95, அதற்கடுத்த பத்தாண்டில் 1.63. இறங்குமுகம் தெளிவு. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் எண்ணைப் பதினாறு ஆண்டால் வகுக்க வேண்டியிருக்கும். கொரோனா ஆண்டுகள் அந்தச் சராசரிக்குள் எங்கோ மறைந்திருக்கும்.

இதுவரை மாறிலியைக் குறைசொல்லியே வந்துவிட்டேன். அது ஒரு குற்றவாளியை அடையாளம் காட்டிய கதையும் உண்டு.

வட இந்தியாவில் செத்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவை பாறுக் கழுகுகள். தொண்ணூறுகளில் ராஜஸ்தானின் பரத்பூர்ப் பூங்காவில் அவை குறைந்துவருவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கவனித்தார். 1991-93-இல் நாட்டின் பல பகுதிகளில் வண்டியில் போய்ச் சாலையோரமாகக் கழுகுகளை எண்ணியிருந்தார்கள். அதே சாலைகளில் 2000, 2002, 2003, 2007 என்று திரும்பத் திரும்பப் போனார்கள். அவற்றில் ஓரினமான வெண்முதுகுப் பாறு 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. 2000-க்குப் பிந்தைய எண்ணிக்கைகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக 43.9 சதவீதம் குறைந்தது. அதாவது நூறு இருந்தால் மறு ஆண்டு 56. 0.561-இன் இயல் மடக்கை எதிர்மறை 0.578, அரை ஆயுட்காலம் பதினான்கு மாதம். (1992-ஐத் தொடக்கமாக வைத்துப் பதினைந்து ஆண்டால் வகுத்தால் எதிர்மறை 0.46-தான் வரும். ஆபத்து இன்னும் பரவாத ஆண்டுகளும் சராசரியில் சேர்ந்துவிடுவதால் இந்தத் தணிவு.)

ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் உண்மையை வெளியிட்டார்கள். மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, மாடு செத்தபின் இறைச்சியில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. உடனே ஒரு நியாயமான மறுப்பு எழுந்தது. சாவதற்குச் சில நாள் முன் ஊசி போட்ட மாடுகள் எத்தனை இருந்துவிடும்? அந்தச் சொற்ப எண்ணிக்கை ஒரு பறவையினத்தையே அழிக்குமா?

இங்கேதான் மாறிலி வாய் திறக்கிறது. பாறு தினமும் தின்பதில்லை. சுமார் மூன்று நாளுக்கு ஒருமுறை வயிறு நிரம்பத் தின்னும் என்று கொண்டால், ஆண்டுக்கு 120 வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு சீட்டு எடுப்பு: நஞ்சுள்ள மாடா, இல்லாததா. ஆண்டுச் சாவு விகிதத்தின் மாறிலி 0.578 என்றால், ஒரு வேளைக்கான ஆபத்து 0.578-ஐ 120-ஆல் வகுத்தது. 0.0048. இருநூறு மாட்டில் ஒன்று! பிறப்பையும் இயல்பான சாவையும் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ரீஸ் கிரீன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் அவற்றையெல்லாம் சேர்த்து முறையாகப் போட்ட கணக்கிலும் வந்த விடை, நூற்றில் ஒன்றுக்கும் குறைவான மாடுகளில் நஞ்சு இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்பதுதான். பிறகு இந்தியாவெங்கும் செத்த மாடுகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது ஏறத்தாழ பத்தில் ஒன்றில் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006-இல் இந்தியா தடை விதித்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் கள்ளத்தனமாக மாட்டுக்குப் போனதால் 2015-இல் அவற்றுக்கும் தடை வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தும், சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்தத் தடையை உறுதிசெய்தது.

வட இந்தியப் பாறுகளின் கதையில் மாறிலி நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம், அதே சாலை, அதே முறை, பல எண்ணிக்கை. இவை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தென்னிந்தியாவில் பாறுகளுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் மோயாறு பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு காடுகளும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. நல்ல செய்தி என்று மகிழ்ந்தோம், மகிழ்வதில் தவறில்லை.

ஆனால் மாறிலியைப் போட்டுப் பாருங்கள். பத்து மாதத்தில் 1.3 மடங்கு; ஆண்டுக்கு 0.316. செயின்ட் மேத்யூ துருவமான்கள்கூட இந்த வேகத்தில் பெருகவில்லை. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை. குஞ்சு வளர்ந்து இணைசேர ஐந்து ஆண்டு போல ஆகும். 246-உம் வயதுவந்த பறவைகள் என்றே வைத்துக்கொண்டாலும் 123 இணைகள். 74 கூடவேண்டுமானால், அவற்றில் பத்துக்கு ஆறு இணைகள் குஞ்சைப் பறக்கவிட்டிருக்க வேண்டும், அந்தப் பத்து மாதத்தில் ஒரு பறவைகூடச் செத்திருக்கக் கூடாது. காட்டில் அப்படி நடக்காது. ஆகவே அந்த 74-இல் பெரும்பகுதி புதிதாகப் பிறந்தவை ஆக முடியாது. முதல்முறை கண்ணில் படாமல் இருந்துவிட்டு இரண்டாம் முறை எண்ணிக்கைக்குள் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு மேம்பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்று, இனம் மீண்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

அடுத்த முறை யானையோ புலியோ பாறோ இத்தனை சதவீதம் கூடிவிட்டது என்று செய்தி வந்தால், கைப்பேசியில் மடக்கை பார்த்து மாறிலியைக் கண்டுபிடியுங்கள். அரை நிமிட வேலை. பிறகு அந்த விலங்கு ஆண்டுக்கு எத்தனை குட்டி போடும் என்றும், இரண்டு முறையும் எண்ணியவர்கள் ஒரே இடங்களில் ஒரே பருவத்தில்தான் எண்ணினார்களா என்றும் கேளுங்கள்.